வீட்டிலேயே கார் டர்போ மாற்றுவது: பெங்களூருவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்போ என்பது இன்ஜின் புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் பாகம். அதை மாற்றுவது பற்றி, பெங்களூருவில் டீசல் கார் வைத்திருக்கும் நம்மவர்களிடமிருந்து வரும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட எல்லாம் ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு, பதிலைக் கீழே எழுதியிருக்கிறோம். 1.2 முதல் 2 லிட்டர் வரையுள்ள சாதாரண டீசல் கார்களை மனத்தில் வைத்தே இது எழுதப்பட்டது. பெட்ரோல் வண்டிக்கும் பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிப்படி வந்த) வண்டிக்கும் எங்கே மாறுகிறதோ அங்கே அதைச் சொல்லியிருக்கிறோம். இறுக்கும் அளவுகளில் உங்கள் மாடலின் சர்வீஸ் கையேடு வேறு ஏதாவது சொன்னால் கையேட்டைக் கேளுங்கள், எங்களை அல்ல.

வண்டி இழுக்கவே மாட்டேங்குது. கேரேஜ்ல பார்த்துட்டு "டர்போ போச்சு"ங்கறாங்க. நம்பலாமா?

உடனே நம்பிவிட வேண்டாம். பிக்கப் குறைவதற்கு டர்போவைவிட மலிவான காரணங்கள் நிறைய இருக்கின்றன: இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸில் கிழிசல், கழன்ற கிளாம்ப், வெடித்த வேக்குவம் குழாய், திறந்தபடி ஒட்டிக்கொண்ட இஜிஆர் வால்வு (புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பும் வால்வு), அடைத்த ஏர் ஃபில்டர், அடைத்த டீசல் ஃபில்டர். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பி0299 என்ற எரர் கோடு வந்தால் "எதிர்பார்த்த காற்றழுத்தம் வரவில்லை" என்றுதான் அர்த்தம். அந்தக் கோடு டர்போவைக் கைகாட்டவில்லை.

புகையையும் சத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள். மிதிக்கும்போது கரும்புகையும் 'புஸ்' என்ற சத்தமும் வந்தால் முதலில் ஹோஸைச் சந்தேகியுங்கள். நீலப்புகை வந்து, ஆயில் அளவும் இறங்கிக்கொண்டே போனால் ஆயில் எரிகிறது. அது டர்போ வழியாகவும் இருக்கலாம், இன்ஜின் வழியாகவும் இருக்கலாம். வேகத்தோடு ஏறி இறங்கும் ஆம்புலன்ஸ் சைரன் போன்ற ஊளை கேட்டால் மட்டும் வண்டியை மேலும் ஓட்டாமல் நிறுத்திவிட்டு அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

ஏர் பைப்பைக் கழட்டிப் பார்த்தேன், ஷாஃப்ட் லேசா ஆடுது. அப்ப காலிதானே?

எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதைப் பொறுத்தது. சாதாரண டர்போவில் ஷாஃப்ட், ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுழல்கிறது. இன்ஜின் நின்றிருக்கும்போது அந்தப் படலம் இருக்காது. அதனால் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு. ஆனால் அப்படி ஆட்டும்போது கம்ப்ரசர் (காற்றை அழுத்தும் பக்கத்து) சக்கரத்தின் இதழ் வெளிக்கூட்டில் உரசக் கூடாது. உரசினால், அல்லது கூட்டின் உட்சுவரில் பளபளவென்று கீறல் வளையம் தெரிந்தால், டர்போ முடிந்தது.

முன்னும் பின்னுமாக, அதாவது ஷாஃப்டின் நீளவாக்கில், கைக்குத் தெரிகிற ஆட்டம் இருக்கவே கூடாது. அங்கே அனுமதி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுகூட இருப்பதில்லை. 'டக் டக்' என்று உணர முடிந்தால், நீளவாக்கில் ஷாஃப்டைப் பிடித்து நிறுத்தும் திரஸ்ட் பேரிங் தேய்ந்துவிட்டது.

ஹோஸுக்குள் மெல்லிய ஆயில் பூச்சு இருப்பது தப்பில்லை. இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாயிலிருந்து ஆயில் ஆவி அங்கேதான் வந்து சேர்கிறது. ஹோஸைச் சாய்த்தால் ஆயில் ஒழுகும் என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

எந்த வண்டிக்கு வீட்டிலேயே செய்யலாம்? என்னுது பழைய ஸ்விஃப்ட் டீசல்.

அந்த 1.3 மல்டிஜெட் இன்ஜின் நம் ஊரில் மாருதி, டாட்டா, ஃபியட் என்று மூன்று பேர் வண்டியிலும் ஓடியது. பாகங்கள் தாராளமாகக் கிடைக்கும். 75 குதிரைத்திறன் வடிவத்தில் சாதாரண வேஸ்ட்கேட் டர்போ இருக்கிறது, அதாவது அழுத்தம் மிஞ்சினால் புகையைச் சக்கரத்துக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு உள்ள வகை. 90 குதிரைத்திறன் வடிவத்தில் இருப்பது விஜிடி, அதாவது உள்ளே இதழ்கள் திரும்பி அளவு மாறும் வகை. முதல் முயற்சிக்கு வேஸ்ட்கேட் வகை நல்லது.

பானெட்டைத் திறந்ததும் டர்போ கண்ணுக்குத் தெரிகிறதா, கை போகிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் பக்கம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வேலை. ஃபயர்வால் (இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவிலுள்ள தகடு) பக்கம் பின்னால் ஒளிந்திருந்தால் சில மாடல்களில் ஆக்சிலையோ சப்ஃப்ரேமையோ (அடியிலுள்ள தாங்குசட்டம்) இறக்க வேண்டிவரும். லிஃப்ட் இல்லாமல் அதில் இறங்காதீர்கள். பெட்ரோல் டர்போக்களில் கூலண்ட் குழாய்களும் சேரும், பிறகு காற்று எடுக்கும் வேலையும் சேரும். மின்சார ஆக்சுவேட்டர் (வேஸ்ட்கேட் கதவையோ விஜிடி இதழ்களையோ அசைக்கும் பாகம்) உள்ளவற்றுக்கு ஸ்கேனர் மூலம் நிலை கற்பிக்க வேண்டும். அந்த வசதி இல்லாத 500 ரூபாய் புளூடூத் ஸ்கேனர் போதாது.

ஜேசி ரோட்டுல புதுசு, ரீகண்டிஷன், சிவாஜிநகர் குஜிரியில செகண்ட் ஹேண்ட்... எதை வாங்கறது?

குஜிரி, அதாவது பழைய பாகச் சந்தை டர்போவை விட்டுவிடுங்கள். எந்த வண்டியில் எப்படிச் செத்தது என்று யாருக்கும் தெரியாத பொருள் அது. கதவு, விளக்கு, கண்ணாடிக்குக் குஜிரி நல்ல இடம். நிமிஷத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுவரை போகும் பொருளுக்கு அல்ல.

உதிரிபாகக் கடைகள் உள்ள ஜேசி ரோட்டில் கேட்கும்போது "ஸ்விஃப்ட் டர்போ கொடுங்க" என்று கேட்காதீர்கள். பழைய டர்போவின் கம்ப்ரசர் கூட்டில் ஒட்டியோ அறைந்தோ உள்ள தகட்டைப் படம் எடுத்து, அதிலுள்ள பாக எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கேரட் (Garrett) நிறுவனத் தயாரிப்பில் ஆறு இலக்கம், கோடு, நான்கு இலக்கம் என்ற வரிசையில் எண் இருக்கும். ஒரே மாடல் காரில் ஆண்டைப் பொறுத்து இரண்டு வகை டர்போ வந்திருக்கும். பெட்டி அசலாக இருந்து தகடு மட்டும் மங்கலாகவோ ஸ்டிக்கராகவோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ரீகண்டிஷன் தப்பில்லை, ஆனால் பேலன்ஸ் அறிக்கை (சுழலும் பாகம் அதிராமல் சுற்றுகிறது என்று மெஷினில் அளந்த தாள்) கொடுக்கிறவரிடம் மட்டும் வாங்குங்கள். பேரிங்கும் சீலும் மாற்றிக் கையால் சுற்றிப் பார்த்துக் கொடுப்பது ரீகண்டிஷன் ஆகாது. பழைய டர்போவைக் கொடுத்தால் விலை குறையும். ஆனால் வேலை முடிந்து வண்டி ஓடும்வரை பழையதைக் கொடுக்காமல் வைத்திருப்பது நல்லது. ஏன் செத்தது என்று சொல்லும் சாட்சி அதுதான்.

உள்ளே இருக்கற கோர் மட்டும் மாத்தினா செலவு பாதிதானே?

கோர் என்பது ஷாஃப்டும் பேரிங்கும் உள்ள நடுப்பகுதி. வேஸ்ட்கேட் வகையில், இரண்டு பக்கக் கூடுகளிலும் கீறல் இல்லையென்றால் மாற்றலாம். கழற்றும் முன் கம்ப்ரசர் கூடு, நடுப்பகுதி, டர்பைன் (புகை சுழற்றும் பக்கத்து) கூடு மூன்றும் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று வெள்ளை பெயின்ட்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோணம் மாறினால் ஆயில் திரும்பும் துவாரம் கீழ்நோக்கி நிற்காது.

விஜிடி வகையில் வேண்டாம். இதழ்கள் குறைந்தபட்சம் எவ்வளவு மூட வேண்டும் என்பதைச் சோதனை மேடையில் காற்றோட்டம் அளந்துதான் அமைக்கிறார்கள். அந்த நிறுத்துத் திருகை வீட்டில் கண்ணளவில் வைத்தால் கீழ் வேகத்தில் இழுவை வராது, அல்லது அழுத்தம் மீறும்.

என்னென்ன வாங்கி வைக்கணும்? பாதியில கடைக்கு ஓட முடியாது.

டர்போவோடு சேர்த்துக் கண்டிப்பாகப் புதிதாக வாங்க வேண்டியவை: மேனிஃபோல்ட் (இன்ஜினிலிருந்து புகை வெளிவரும் குழாய்த்தொகுதி) காஸ்கெட் (இணைப்பு கசியாமல் நடுவில் வைக்கும் தகடு), சைலன்சர் பக்கக் காஸ்கெட், ஆயில் வரும் பைப், அதன் துளையுள்ள யூனியன் போல்ட், செம்பு வாஷர்கள், ஆயில் திரும்பும் பைப்பின் காஸ்கெட், புது நட்டுகள், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர். இன்ஜின் ஆயில் இரண்டு தடவைக்கு வாங்குங்கள், காரணம் பின்னால் வருகிறது. 1.3 மல்டிஜெட்டுக்கு ஒரு தடவைக்குச் சுமார் 3 லிட்டர்.

கருவிகளில் 8 முதல் 17 வரை சாக்கெட், ரிங் ஸ்பேனர், நீள எக்ஸ்டென்ஷன், வளையும் ஜாயின்ட், டார்க் ரென்ச் (அளவு பார்த்து இறுக்கும் ஸ்பேனர்), துரு இளக்கும் ஸ்பிரே, ஊசி வைத்த 50 மில்லி சிரிஞ்ச். ஜாக்கி தூக்க மட்டும்; படுத்து வேலை செய்ய ஸ்டாண்ட் இரண்டு வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், செங்கல் அடுக்கியும் போகாதீர்கள். ஜிப் கவர் பத்தும் ஒரு மார்க்கரும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நட் எங்கே என்ற குழப்பம் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வரும்.

அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல செய்யலாமா? எவ்வளவு நேரம் ஆகும்?

கழற்றி மாட்டுவதைப் பேஸ்மென்ட்டில் செய்யலாம், அசோசியேஷன் விட்டால். இன்ஜினை ஓட்டிப் பார்ப்பதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஓட்டத்தில் புகை நிறைய வரும், மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடும் சேரும். முதல் தடவை என்றால் முழுதாக ஒரு சனி, ஒரு ஞாயிறு. ஒரு ஸ்டட் (நட் ஏறும் மரைத்தண்டு) உடைந்தால் திங்கட்கிழமையும் சேரும். ஆபீஸுக்கு அந்த வண்டிதான் என்றால் நீண்ட விடுமுறைக்குத் தள்ளிப்போடுங்கள்.

எதை முதல்ல கழட்டணும்?

முந்தின நாள் இரவே, இன்ஜின் ஆறியபின், மேனிஃபோல்ட் நட்டுகள் எல்லாவற்றிலும் துரு இளக்கி அடித்து ஊறவிடுங்கள். காலையில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, ஆயிலை வடித்து, ஃபில்டரை எடுங்கள். பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மினுமினுப்பு இருந்தால் அது தேய்ந்த உலோகத்தூள்; டர்போ ஏன் செத்தது என்று தேடும்போது தேவைப்படும்.

அதன்பின் ஏர் ஃபில்டர் பெட்டி, டர்போவுக்குப் போகும் இரண்டு ஹோஸ்கள், ஹீட் ஷீல்டு, ஆக்சுவேட்டர் குழாய் அல்லது கனெக்டர், மேலே ஆயில் வரும் பைப், கீழே ஆயில் திரும்பும் பைப், சைலன்சர் பக்க இணைப்பு, கடைசியில் மேனிஃபோல்ட் நட்டுகள். கழற்றிய ஒவ்வொரு வாயிலையும் அப்போதே டேப்பால் மூடுங்கள். உள்ளே விழுந்த ஒரு வாஷர் புது டர்போவை முதல் நிமிஷத்திலேயே தின்றுவிடும். டீசல் ஹை பிரஷர் பைப்புகள் வழியில் இருந்தாலும் தொடாதீர்கள். ஓடும்போது அவற்றுக்குள் 1,000 பாருக்கு மேலும் அழுத்தம் ஏறும். பல மாடல்களில் கழற்றினால் புதுசுதான் போட வேண்டும்.

மேனிஃபோல்ட் நட் அசையவே இல்ல. நீளமா பைப் போட்டுத் திருகட்டுமா?

வேண்டாம், ஸ்டட் முறிந்துவிடும். ஆறு மூலை சாக்கெட்டை மட்டும் போடுங்கள், பன்னிரண்டு மூலை வேண்டாம். இறுக்கும் திசையில் ஒரு நூல், பிறகு கழற்றும் திசையில் ஒரு நூல் என்று ஆட்டிக் கொடுங்கள். அசையவில்லையென்றால் ஹீட் கன்னால் நட்டைச் சூடாக்கி மறுபடி ஸ்பிரே. தீச்சுவாலையை ஆயிலும் டீசலும் கசிந்த இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

நட்டுக்குப் பதில் ஸ்டட்டே சுழன்று வெளியே வந்தால் பதறாதீர்கள், அதுவே நல்லது. புது ஸ்டட்டை இரட்டை நட் போட்டு ஏற்றிக்கொள்ளலாம். உள்ளே உடைந்துவிட்டால் துளையிட்டு எடுப்பது பழகிய கைக்கு உரிய வேலை. மேனிஃபோல்டைக் கழற்றி பீன்யாவில் ஏதாவது லேத் பட்டறைக்கு எடுத்துப்போங்கள். ஈஸி அவுட் (உடைந்த ஸ்டட்டைத் திருகி எடுக்கும் கருவி) உள்ளேயே முறிந்தபின் கொண்டுபோனால் அவர்களுக்கும் கஷ்டம், கூலியும் இரட்டிப்பு.

பழசு கையில இருக்கு. ஏன் போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

இந்த வேலையிலேயே முக்கியமான அரைமணி நேரம் இதுதான். டர்போ தானாகச் சாவது அபூர்வம். ஆயிலோ தூசியோதான் கொல்லும். ஷாஃப்ட் நீலமாகவோ ஊதாவாகவோ நிறம் மாறியிருந்தால் ஆயில் வரவில்லை. பேரிங் பரப்பில் கோடுகோடாகக் கீறல் இருந்தால் ஆயில் வந்தது, அழுக்காக வந்தது. கம்ப்ரசர் இதழ்களின் முனை மணல்தாள் தேய்த்ததுபோல் மழுங்கியிருந்தால் ஏர் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் தினமும் போகிறவர்கள் ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். கம்ப்ரசர் இதழ் வளைந்து ஒடிந்திருந்தால் ஏதோ பொருள் உள்ளே போயிருக்கிறது.

டர்பைன் பக்கத்து இதழ் உடைந்திருந்தால் கதை வேறு. அந்தத் துண்டு இன்ஜினுக்குள்ளிருந்து வந்தது: குளோ பிளக் (ஸ்டார்ட் செய்யச் சூடேற்றும் பிளக்) நுனி, வால்வுத் துண்டு, மேனிஃபோல்டின் உடைசல். அதைக் கண்டுபிடிக்காமல் புதுசை மாட்டினால் காசு போச்சு.

ஆயில் பைப்பைப் பெட்ரோல்ல கழுவி ஊதிட்டுப் போட்டா போதாதா? புதுசு என்ன விலை தெரியுமா?

தெரியும். இருந்தாலும் வாங்குங்கள். டர்போவின் சூட்டில் பைப்புக்குள் ஆயில் கருகிப் படலமாக ஒட்டியிருக்கும். கழுவும்போது அது இளகுமே தவிர முழுதாக வராது, பிறகு செதில் செதிலாக உதிர்ந்து புது பேரிங்கில் போய் நிற்கும். சில யூனியன் போல்ட்களுக்குள் சின்ன வலை ஒன்று இருக்கிறது, அது முதலில் அடைக்கும்.

ஷாஃப்ட் நீலமாக இருந்த வண்டியில் பைப்போடு நிற்காமல் ஆயில் சம்ப்பையும் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) இறக்குங்கள். அடியில் தார் போன்ற கசடு இருந்தால் ஆயில் உறிஞ்சும் வலையும் அடைத்திருக்கும். இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சும் பாகம்) அடியிலுள்ள செம்பு வாஷர் கசிந்து, எரிபுகை ஆயிலில் கலந்தாலும் இப்படிக் கசடு சேரும். இன்ஜெக்டரைச் சுற்றிக் கறுப்பாகத் தார்க்கட்டி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

காஸ்கெட்டுக்கு மேல கொஞ்சம் சிலிக்கான் பேஸ்ட் தடவிக்கட்டுமா, லீக் ஆகாம?

கூடாது. ஆயில் வரும் பக்கத்திலும் திரும்பும் பக்கத்திலும் கூடவே கூடாது. பிதுங்கிய பேஸ்ட் உள்ளே நூலாகத் தொங்கி அறுந்து வழியை அடைக்கும். திரும்பும் பைப்பில் பம்ப் கிடையாது, தன் எடையில்தான் ஆயில் இறங்குகிறது. வழி பாதி அடைத்தாலே நடுக்கூடு நிரம்பி, இரண்டு பக்கமும் சீலைத் தாண்டும்.

பரப்பைச் சுத்தமாகச் சுரண்டி, காய்ந்த காஸ்கெட்டை அப்படியே வையுங்கள். எம்8 நட்டுகளுக்குப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், எதிரெதிராக, இரண்டு சுற்றில்.

மாட்டியாச்சு. சாவியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணலாமா?

இன்னும் இல்லை. முதலில் இன்டர்கூலரைக் கழற்றிச் சாய்த்து உள்ளே தேங்கிய ஆயில் முழுவதையும் வடியுங்கள். டிகிரீசர் விட்டுக் கழுவி முழுதாகக் காயவிடுங்கள். உடைந்த இதழின் அலுமினியத் துணுக்கு வருகிறது என்றால் கழுவிப் பயனில்லை, இன்டர்கூலரையே மாற்ற வேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பது இரண்டு கேள்வி தள்ளி வருகிறது.

புது ஆயில், புது ஃபில்டர் போட்டபின், டர்போவின் ஆயில் துவாரத்தில் சிரிஞ்சால் 20 முதல் 30 மில்லி சுத்தமான இன்ஜின் ஆயில் விட்டு, சக்கரத்தை விரலால் பத்து சுற்று சுற்றுங்கள். பிறகு ஆயில் பைப்பை மாட்டுங்கள். பேட்டரியை இணைத்து, இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, 10 விநாடி கிராங்க் (ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுற்றவிடுவது), அரை நிமிஷம் ஓய்வு என்று ஆயில் விளக்கு அணையும்வரை செய்யுங்கள். அணைந்தபின் இன்னும் இரண்டு தடவை. கனெக்டரை மாட்டிய பிறகு வரும் எரர் கோடுகளை அழித்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் மூன்று நிமிஷம் ஐடிலில் விடுங்கள். பக்கத்தில் நிற்கும் நண்பர் "ஒரு ரேஸ் கொடு மச்சி, சத்தம் கேட்கலாம்" என்பார். கொடுக்காதீர்கள்.

ஸ்டார்ட் ஆச்சு, ஆனா ஒரே வெள்ளை நீலப் புகை. பக்கத்து வீட்டுக்காரர் திட்டறார்.

சைலன்சருக்குள் பழைய டர்போ துப்பிய ஆயில் எரிகிறது. ஓட்ட ஓட்டக் குறையும். நைஸ் ரோடு மாதிரி தடையில்லாத சாலையில் அரைமணி நேரம், 2,000 முதல் 2,500 சுற்றில், அதிக மிதி இல்லாமல் ஓட்டுங்கள். 50 கிலோமீட்டர் தாண்டியும் குறையாமல் ஆயில் அளவும் இறங்கினால் கடைசிக் கேள்விக்குப் போங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றுங்கள். இரண்டு தடவைக்கு வாங்கச் சொன்னது இதற்குத்தான்.

சாவியை எடுத்தும் இன்ஜின் நிக்காம தானா ஏறிக்கிட்டே போகும்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். டீசல் இன்ஜின் சுருக்கத்தின் சூட்டிலேயே எரிக்கிறது. இன்டர்கூலரில் தேங்கிய ஆயில் காற்றோடு உள்ளே போனால் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு ஓடும். சாவியால் டீசலை நிறுத்தலாம், ஆயிலை நிறுத்த முடியாது. தானியங்கி கியர் இல்லாத வண்டியில் பிரேக்கை முழுதாக மிதித்து, ஹேண்ட்பிரேக் போட்டு, நான்காவது அல்லது ஐந்தாவது கியரில் கிளட்சைச் சட்டென்று விட்டு அணைக்க வேண்டும். காற்று வாயிலைக் கெட்டியான பலகையால் மூடினாலும் நிற்கும். கையாலோ துணியாலோ மூடாதீர்கள். சத்தம் பயமுறுத்தும் அளவுக்கு ஏறிவிட்டது என்றால் பானெட் பக்கம் போகாமல் விலகி நில்லுங்கள். இன்ஜினை இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

எல்லாம் புதுசு போட்டும் பி0299 திரும்ப வருது. டர்போ டூப்ளிகேட்டா?

இருக்கலாம், ஆனால் அதற்கு முன் முதல் பதிலில் சொன்ன ஹோஸ்களைப் பாருங்கள். கழற்றி மாட்டும்போது ஒரு கிளாம்ப் பள்ளத்தில் உட்காராமல் போவது சகஜம். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் அடித்து, லேசான காற்றழுத்தம் கொடுத்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஆக்சுவேட்டர் ராடு கைப்பம்பின் அழுத்தத்துக்கோ வேக்குவத்துக்கோ வழுக்கிக்கொண்டு நகர்ந்து, அப்படியே நிற்க வேண்டும்.

ஸ்கேனர் அளவைப் படிப்பதில் நம் ஊருக்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டால் காற்று உள்ளே போகும் பக்கத்து மேனிஃபோல்டின் அழுத்தம் இங்கே சுமார் 91 கிலோபாஸ்கல் காட்டும், சென்னையில் 101. சென்னை வண்டியின் வீடியோவைப் பார்த்துவிட்டு "எனக்குப் பத்து குறையுது, சென்சார் போச்சு" என்று சென்சார் வாங்கியவர்கள் உண்டு. 91 சரியான அளவுதான். ஓடாத நிலையில் 100 காட்டினால்தான் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆக்சுவேட்டர் ராடை ரெண்டு சுற்று திருகினா பிக்கப் கூடும்னு ஒருத்தர் சொன்னார்...

கொஞ்ச நாளைக்குக் கூடும். அழுத்தம் மீறி பி0234 வரும், வண்டி லிம்ப் மோடுக்கு (தன்னைக் காக்க இழுவையைக் குறைத்துக்கொள்ளும் நிலை) போகும், டர்போ அளவுக்கு மேல் சுற்றும். நம் உயரத்தில் காற்று மெலிவு என்பதால் அதே அழுத்தத்துக்கு டர்போ ஏற்கெனவே சென்னையைவிட வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெரிய டர்போ மாட்டுவது பற்றியும் கேட்கிறார்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்கீழ் வரும், இன்ஷூரன்ஸ் கேட்கும்போது உதைக்கும். அதே பாக எண்ணுள்ளதை மாற்றிப் போடுவதில் அந்தப் பிரச்சினை இல்லை.

என் வண்டி பிஎஸ்6. ஏதாவது வித்தியாசம்?

டர்போவுக்கு அடுத்து, புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கும். செத்த டர்போவின் ஆயில் அதில் ஊறியிருந்தால் ரீஜெனரேஷன் (பிடித்த கரியை எரித்துத் தீர்ப்பது) நேரத்தில் அளவுக்கு மீறிச் சூடேறும். ஆயில் சொட்டுகிற அளவு நனைந்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யும் இடத்துக்கு அனுப்புங்கள். சாம்பல் குறைவான, கையேட்டில் சொன்ன தர ஆயில் மட்டும் ஊற்றுங்கள்.

ஹைவேயில வந்து நிறுத்தும்போது ரெண்டு நிமிஷம் ஐடில்ல விடணுமா?

ஓசூர் பக்கமிருந்து வேகமாக வந்து சுங்கச்சாவடி தாண்டி உடனே டீக்கடையில் நிறுத்துகிறீர்கள் என்றால் ஒரு நிமிஷம் விடுங்கள். சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேவையில்லை, டர்போ எப்போதோ ஆறியிருக்கும். விஜிடி வண்டிக்கு அந்த ஊர்வதே பிரச்சினை: இதழ்களில் கரி ஏறி ஒட்டும். வாரம் ஒருமுறை நல்ல சாலையில் இருபது நிமிஷம் ஓட விடுங்கள்.

மாத்தி ரெண்டு வாரம்தான் ஆச்சு. புது டர்போவும் ஆயில் கக்குது. கடைக்காரன் ஏமாத்திட்டானா?

ஷாஃப்ட் ஆட்டத்தை இரண்டாவது பதிலில் சொன்ன மாதிரி பாருங்கள். அளவு மீறிய ஆட்டம் இல்லாமல் ஆயில் மட்டும் வந்தால் டர்போ குற்றவாளி இல்லை. அதன் சீல் ரப்பர் அல்ல, பிஸ்டன் ரிங் மாதிரி ஓர் உலோக வளையம். உள்ளே ஆயில் தேங்கினால் அதனால் தடுக்க முடியாது. திரும்பும் பைப் மடங்கியிருக்கிறதா, காஸ்கெட் தலைகீழாக உட்கார்ந்து துவாரத்தை மறைக்கிறதா என்று பாருங்கள்.

அங்கே சரியென்றால், ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் மேலேயே தளர்வாக வையுங்கள். மூடி துள்ளி விழுகிறது, புகை குபுகுபுவென்று வருகிறது என்றால் கிராங்க்கேஸில் (இன்ஜினின் கீழ்க்கூடு) அழுத்தம் ஏறியிருக்கிறது. பிரீதரைச் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். அப்போதும் துள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்; கம்ப்ரெஷன் சோதனை செய்யாமல் மூன்றாவது டர்போவுக்குக் காசு எண்ணாதீர்கள்.